கரண்டு எப்போது போகும், எப்போது வரும்: நெல்லை வட்டாரத்து மின் நுகர்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் "நாளை மின்தடை" என்று ஒரு கட்டம் வரும். பதினைந்து இருபது ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். கடைசியில் "மற்றும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்" என்று முடித்துவிடுவார்கள். நம் தெரு அந்தச் சுற்றுவட்டாரத்துக்குள் வருகிறதா இல்லையா என்பது மறுநாள் காலையில் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது கிரைண்டர் நிற்கும்போதுதான் தெரியும். உடனே "ஈபிகாரன் சொல்லவே இல்லை" என்று திட்டுவோம்.

பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். துணை மின் நிலையத்தின் பெயரைப் போட்டுச் சொல்லியிருப்பார்கள், நாம் தெருப் பெயரைத் தேடியிருப்போம். சிக்கல் அங்கேதான். ஒரு வீட்டுக்குத் தபால் முகவரி என்று ஒன்று இருப்பதுபோல மின்சார முகவரி என்று ஒன்று உண்டு. இரண்டும் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. எதிர்வீட்டில் லைட் எரியும், நம் வீடு இருட்டாக இருக்கும். அவர் வேறு டிரான்ஸ்பார்மர், நாம் வேறு. இந்த மின்சார முகவரியைத் தெரிந்துவைத்துக்கொண்டால் அறிவிப்பு, பில், புகார் மூன்றுமே பாதி சுலபமாகிவிடும். கீழே வருவது அதற்கான வழிமுறைதான்.

அதற்கு முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1957 ஜூலை 1-இல் தமிழ்நாடு மின்சார வாரியம் வந்தது. 2010 நவம்பர் 1 முதல் உற்பத்தியும் பகிர்மானமும் டான்ஜெட்கோ என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. 2024-இல் அதையும் பிரித்தார்கள். வீட்டுக்குக் கரண்டு தந்து பில் போடுவது இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பழைய அட்டை, பழைய ரசீது, சுவரில் எழுதிய போர்டு எல்லாவற்றிலும் பழைய பெயர்தான் இருக்கும். எல்லாம் ஒரே ஈபி ஆபீஸ்தான், கவலை வேண்டாம்.

முதல் படி: இணைப்பு எண்ணைக் கையில் எடுங்கள்

மீட்டர் பெட்டியில் செருகி வைத்திருக்கும் வெள்ளை அட்டையில், அல்லது பழைய ரசீதில், அல்லது கணக்கெடுத்ததும் வரும் குறுஞ்செய்தியில் இந்த எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மண்டலம். நெல்லை மண்டலத்துக்கு அது 07. அடுத்த மூன்று இலக்கம் உங்கள் பிரிவு அலுவலகம். அதற்கடுத்த மூன்று, அந்தப் பிரிவுக்குள் இருக்கும் பகிர்மானம். மிச்சம் இருப்பது உங்கள் வீட்டுக்கான தனி எண்.

ஆக, இந்த எண்ணைச் சொன்னாலே நீங்கள் எந்த ஆபீசைச் சேர்ந்தவர் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். "பாளையங்கோட்டை, பெருமாள் கோவில் பக்கத்துல" என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பணம் கட்டும்போது 07 என்பதை விட்டுவிட்டு மிச்ச எண்ணை மட்டும் போட்டுப் பார்த்து "எண் தவறு" என்று வந்ததும் பதறுபவர்கள் நிறையப் பேர்.

அட்டையை ஒரு போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள். வீட்டில் எல்லோருடைய போனிலும் இருக்கட்டும். ஒரே வளவில் கீழ்வீடு, மாடி, தண்ணீர் மோட்டார் என்று இரண்டு மூன்று இணைப்பு இருந்தால், எந்த மீட்டர் எந்த எண் என்று மீட்டர் பெட்டியின் கதவில் உள்பக்கமாக மார்க்கரால் எழுதிவிடுங்கள். மாடிக்காரர் பில்லைக் கீழ்வீட்டுக்காரர் கட்டிவிட்டு, தன் வீட்டில் பீஸ் பிடுங்கிய பிறகு முழிப்பது நம் ஊரில் புதிய கதை இல்லை.

இரண்டாம் படி: எந்த போன் எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்

"எனக்கு மெசேஜே வருவதில்லை" என்பவர்களில் பாதிப் பேருக்கு மெசேஜ் போகிறது, வேறு யாருடைய போனுக்கோ. இணைப்பு வாங்கியபோது எல்லா வேலையையும் பார்த்த எலக்ட்ரீசியன் தன் எண்ணைக் கொடுத்திருப்பார். ஆதார் எண்ணை இணைக்கச் சொன்ன சமயத்தில் (2022 நவம்பரில் தொடங்கி அடுத்த பிப்ரவரி வரை அது ஓடியது) பிரௌசிங் சென்டரில் ஓ.டி.பி. வாங்க வசதியாக அவர்கள் எண்ணையே போட்டிருக்கக்கூடும். வீட்டுக்காரர் மும்பையிலோ துபாயிலோ இருப்பார், அவர் எண் இருக்கும். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இறந்துபோன தாத்தாவின் எண் இன்னும் கிடக்கும் வீடுகளும் உண்டு.

மாற்றுவதற்கு மூன்று வழி. கழகத்தின் இணையதளத்திலேயே (டி.என்.பி.டி.சி.எல். டாட் ஓ.ஆர்.ஜி.) கைபேசி எண் பதிவுக்கென்று ஒரு இடம் இருக்கிறது, இணைப்பு எண்ணைக் கொடுத்து அங்கே மாற்றலாம். அல்லது பிரிவு அலுவலகத்தில் அட்டையைக் காட்டிச் சொல்லலாம். கணக்கெடுக்க வருபவரிடமே சொன்னாலும் சிலர் குறித்துக்கொண்டு போவார்கள். என்னைக் கேட்டால் ஆபீசுக்கே ஒரு நடை போய்விட்டு வருவது நல்லது. எண் மாற்றிய கையோடு மூன்றாம் படிக்கான விவரத்தையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். "அண்ணாச்சி, பில் நான்தானே கட்டுறேன், மெசேஜ் எனக்கு வர்ற மாதிரி மாத்திக்கிடுதேன்" என்றால் யாரும் மறுக்கப்போவதில்லை. காலி செய்யும்போது திரும்ப மாற்றிக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை.

மூன்றாம் படி: உங்கள் கரண்டு எந்த வழியாக வருகிறது?

இதுதான் இந்த வழிகாட்டியின் முக்கியமான இடம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

துணை மின் நிலையத்திலிருந்து 11 கிலோவோல்ட் அழுத்தத்தில் பல கம்பித் தடங்கள் கிளம்பும். ஒவ்வொரு தடத்துக்கும் பீடர் என்று பெயர். ஒரு பீடர் பல தெருக்கள் வழியாகப் போகும், வழியில் டிரான்ஸ்பார்மர்களுக்குக் கரண்டு தரும். டிரான்ஸ்பார்மர் அந்த 11 கிலோவோல்ட்டை வீட்டுக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்து, மூன்று பேஸ், ஒரு நியூட்ரல் என்று கம்பத்துக்குக் கம்பம் அனுப்பும். கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் உங்கள் மீட்டருக்கு வருகிறது.

ஆகவே துணை மின் நிலையத்தில் பராமரிப்பு என்றால் அதன் எல்லா பீடரிலும் கரண்டு போகும். ஒரு பீடரில் வேலை என்றால் சில தெருக்கள். டிரான்ஸ்பார்மரில் பீஸ் போனால் உங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும். கம்பத்தில் ஒரு பேஸ் கம்பி விட்டுப்போனால் வரிசையில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்பதுபோல விட்டுவிட்டு இருட்டும். எவ்வளவு தூரத்துக்குப் போயிருக்கிறது என்பதை வைத்தே எங்கே போயிருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை: துணை மின் நிலையத்தின் பெயர், பீடரின் பெயர், டிரான்ஸ்பார்மரின் பெயர், வீட்டுக்கு எதிரே உள்ள கம்பத்தின் எண். டிரான்ஸ்பார்மரில் ஒரு சிறு தகடோ பெயின்ட் எழுத்தோ இருக்கும், அதில் இடப்பெயரும் 63 அல்லது 100 கே.வி.ஏ. என்று திறனும் போட்டிருக்கும். வேலிக்கு வெளியே நின்று படித்தால் போதும், உள்ளே போகாதீர்கள். கம்பத்து எண் கம்பத்திலேயே பெயின்டில் இருக்கும், மங்கியிருந்தாலும் உற்றுப் பார்த்தால் தெரியும். மற்ற இரண்டையும் லைன்மேனிடம் கேளுங்கள். அவர் மனப்பாடமாகச் சொல்வார்.

திருநெல்வேலி மாநகரில் டவுன் ரத வீதிகள், சன்னதித் தெருக்கள் எல்லாம் பொருட்காட்சித் திடல் துணை மின் நிலையத்தின் அறிவிப்பில் வரும். சிந்துபூந்துறை, மணிமூர்த்தீஸ்வரம், உடையார்பட்டி எல்லாம் தச்சநல்லூரின் கீழே வரும். பாளையங்கோட்டைப் பக்கம் சமாதானபுரம், தியாகராஜநகர், ரெட்டியார்பட்டி என்று பல பெயர்கள். ஆற்றோரமாக மேற்கே போனால் வீரவநல்லூர் துணை மின் நிலையத்தின் பெயரில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, அரிகேசவநல்லூர், வெள்ளங்குளி எல்லாம் வரும். பத்தமடைக்காரர் "பத்தமடை" என்று தலைப்பைத் தேடினால் கிடைக்காது, வீரவநல்லூர் என்ற தலைப்புக்குக் கீழே போய்த் தேட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பாதிப் பேர் அறிவிப்பைத் தவறவிடுகிறார்கள். வேலை நடந்து தடங்களை மாற்றியமைக்கும்போது ஒரு தெரு வேறு நிலையத்துக்கு மாறவும் செய்யும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை லைன்மேனிடம் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டப் பெயர்களும் தெரிந்திருந்தால் நல்லது. திருநெல்வேலி நகர்ப்புறம், கிராமப்புறம், வள்ளியூர், கல்லிடைக்குறிச்சி என்று அறிவிப்புகள் கோட்டம் வாரியாக வரும். 2019-இல் தென்காசி தனி மாவட்டமான பிறகும் தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் கோட்டங்களின் அறிவிப்புகள் திருநெல்வேலி மின் பகிர்மான வட்டத்தோடு சேர்ந்தே வந்தன. வருவாய்த் துறை எல்லை வேறு, மின்சார எல்லை வேறு.

நான்காம் படி: மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பை வாசிப்பது

நம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு பெரும்பாலும் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை என்று போடுவார்கள். நேரம் கூடவும் செய்யலாம், ஆகவே ஒவ்வொரு தடவையும் அறிவிப்பில் உள்ள நேரத்தைப் பார்க்க வேண்டும். முந்தின நாள் நாளிதழிலும் உள்ளூர்ச் செய்திகளிலும் வரும். கழகத்தின் இணையதளத்தில் வட்டம் வாரியாக மின்தடை விவரம் பார்க்கலாம்.

அறிவிப்பில் மூன்றை மட்டும் பாருங்கள்: தேதி, துணை மின் நிலையம், காரணம். ஊர்ப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். நிலையத்தின் பெயர் உங்களுடையதாக இருந்தால், பட்டியலில் உங்கள் தெரு இல்லாவிட்டாலும் கரண்டு போகும் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் திட்டமிடுங்கள். முதல் நாள் இரவே மாவரைத்து, தொட்டியை நிரப்பி, போனைச் சார்ஜ் போட்டுவிடலாம். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் போன்ற கருவி வைத்திருக்கும் வீடு என்றால், பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்து, மாற்று ஏற்பாடும் செய்துகொள்ளுங்கள்.

காரணத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? "மரக்கிளை வெட்டுதல்" என்றால் பணி சீக்கிரம் முடிந்து முன்னதாகவே கரண்டு வர வாய்ப்புண்டு. கம்பம் மாற்றுவது, புதிய கம்பி இழுப்பது என்றால் சொன்ன நேரத்தைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. அடைமழைக் காலத்துக்கு முன்னால் இந்த மரம் வெட்டும் வேலைகள் கூடுதலாக வரும். அப்போது "எதுக்குய்யா தினமும் நிறுத்துறீங்க" என்று சண்டைக்குப் போகாதீர்கள். புரட்டாசியில் வெட்டாத தென்னை மட்டை கார்த்திகையில் கம்பி மேல் விழும்.

2 மணி என்றால் 2 மணிக்கே வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கம்பியில் கைவைக்கும் ஆள், அந்தத் தடத்தில் கரண்டு நிறுத்தப்பட்டதற்குத் துணை மின் நிலையத்திடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் ஏறுவார். இந்த ஒப்புதலை எல்.சி. (லைன் கிளியர்) என்பார்கள். இறங்கிய பிறகு, எல்லா ஆளும் இறங்கிவிட்டார்கள் என்று உறுதிசெய்து அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே தடத்தில் மூன்று இடத்தில் வேலை நடந்தால் மூன்று குழுவும் திருப்பிக் கொடுத்தால்தான் சுவிட்சைப் போடுவார்கள். அந்தக் கால் மணி நேரத் தாமதத்தில் ஒருவருடைய உயிர் இருக்கிறது.

ஐந்தாம் படி: பில் குறுஞ்செய்தியை எப்படிப் பார்ப்பது

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். 2016 மே 23 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது.

குறுஞ்செய்தி வந்ததும் தொகையை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடாமல், மீட்டருக்குப் போய் யூனிட்டை ஒத்துப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் திரை தானாகவே தேதி, நேரம், வோல்டேஜ் என்று மாறிக்கொண்டே இருக்கும், கே.டபிள்யூ.எச். என்று ஓரத்தில் காட்டும் எண்தான் யூனிட். கணக்கெடுத்த எண்ணைவிட அது சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் தவறாகப் பதிவாகியிருக்கிறது, அன்றைக்கே ஆபீசுக்குப் போங்கள். மீட்டர் திரையைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கணக்கெடுக்கும் தேதியையும் கவனியுங்கள். 2024 ஜூலைக் கட்டண வரிசைப்படி 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை மொத்தமாகப் போய்விடும், தாண்டிய யூனிட்டுகளுக்கும் விலை கூடும். சித்திரை வெயிலில் ஏ.சி. ஓடும் வீட்டில் 490-க்கும் 510-க்கும் இடையே உள்ள வித்தியாசம் இருபது யூனிட்தான், பணத்தில் அது பெரிதாகத் தெரியும். ஆள் ஒரு வாரம் தாமதமாக வந்தால் அந்த வார யூனிட்டும் இதே கணக்கில் சேரும். அப்படி நடந்தால் முந்தைய தேதியையும் இந்தத் தேதியையும் காட்டி எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் "அடுத்த தடவை சரியாயிரும்" என்று அனுப்பிவிடுவார்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்களுக்கு: மீட்டர் வீட்டுக்குள் இருந்தால் "கதவு பூட்டு" என்று பதிவாகி, முந்தைய கணக்கை வைத்து ஒரு தொகை வரும். ஆள் இல்லாத வீட்டுக்கு எப்படி இத்தனை ரூபாய் என்று வெளிநாட்டிலிருந்து போன் போடுவது இதனால்தான். அடுத்த தடவை மீட்டரைப் பார்த்ததும் சரிசெய்துகொள்வார்கள், ஆனால் இப்போது வந்ததைக் கட்டாமல் விட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். முன்பணமாக ஒரு தொகையைக் கட்டிவிட்டுப் போனால் நிம்மதி. மீட்டரை வெளிச்சுவருக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை, அதற்கு ஆபீசில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆறாம் படி: பொய் மெசேஜை அடையாளம் காண்பது

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி போனை நீட்டிக்கொண்டு வந்தார்கள். "ஐயா, இன்னைக்கு ராத்திரி ஒம்பதரைக்குக் கரண்ட வெட்டிருவாவளாம்லா, நான் பில் கட்டிட்டேனே?" மெசேஜ் ஆங்கிலத்தில் இருந்தது. போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30-க்கு மின் அலுவலகம் இணைப்பைத் துண்டிக்கும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும் என்று ஒரு பத்து இலக்க எண்.

2022 வாக்கிலிருந்தே நாடு முழுக்கச் சுற்றும் மோசடி இது. வடக்கே எழுதி எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி அனுப்புகிறார்கள், அதனாலேயே நம் ஊருக்குப் பொருந்தாத ஓட்டைகள் அதில் இருக்கின்றன. "போன மாத பில்" என்கிறார்கள். நம் வீடுகளுக்குப் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. இரவு ஒன்பதரைக்குக் கம்பத்தில் ஏறிப் பீஸ் பிடுங்க எந்த ஊரிலும் ஆள் வருவதில்லை. உங்கள் இணைப்பு எண் அதில் எங்கேயும் இருக்காது, தொகையும் இருக்காது. "பில்லை அப்டேட் பண்ணுவது" என்று ஒரு வேலையே நம்மிடம் கிடையாது. கட்டியிருப்போம் அல்லது கட்டியிருக்க மாட்டோம்.

அனுப்பியவர் இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நிறுவனங்களின் உண்மையான குறுஞ்செய்தி எழுத்துகளால் ஆன தலைப்பில் வரும், சாதாரணப் பத்து இலக்க போன் எண்ணிலிருந்து வராது. 2025 முதல் அந்தத் தலைப்பின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்தும் சேர்த்திருக்கிறார்கள்: சேவைச் செய்திக்கு எஸ், அரசுச் செய்திக்கு ஜி, பணப் பரிமாற்றத்துக்கு டி, விளம்பரத்துக்கு பி. வாட்ஸாப்பில் பில் என்று சொல்லி ஏ.பி.கே. கோப்பு (போனில் செயலியை ஏற்றும் கோப்பு) வந்தால் தொடவே வேண்டாம்.

அந்த எண்ணுக்குப் பேசினால் என்ன ஆகும்? பணிவாகப் பேசுவார்கள். போனில் ஒரு செயலியைப் போடச் சொல்வார்கள், எனி டெஸ்க் மாதிரி, திரையை அவர்களுக்குக் காட்டும் வகை. அப்புறம் "சோதனைக்காகப் பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள்" என்பார்கள். நீங்கள் வங்கி ரகசிய எண்ணை அடிக்கும்போது அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். வங்கிக்கும் சொல்லிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

பில் நிஜமாகவே பாக்கி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், மெசேஜில் உள்ள எதையும் அழுத்தாமல், நீங்களே கழகத்தின் தளத்தையோ செயலியையோ திறந்து இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆச்சிக்கு அப்படித்தான் பார்த்துக் காட்டினேன். பாக்கி பூஜ்யம் என்று இருந்தது. "அப்ப அவன் யாருல?" என்று கேட்டுவிட்டு அந்த மெசேஜை நீக்கினார்கள்.

ஏழாம் படி: கரண்டு போனதும் செய்ய வேண்டியது

போனை எடுப்பதற்கு முன் வெளியே எட்டிப் பாருங்கள். தெருவிளக்கு, பக்கத்து வீடு, எதிர்வீடு. நமக்கு மட்டும் என்றால் முதலில் வீட்டுக்குள் மெயின் டிரிப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே தூக்கிவிட்டதும் மறுபடி விழுந்தால் வீட்டு ஒயரிங்கில் கோளாறு, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். ஈபிகாரர்களின் பொறுப்பு மீட்டரோடு முடிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்கக் கூடாது. பல்பு திடீரென்று பளீரென எரிந்து, பேன் வேகம் எகிறினால், நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். சில நொடியில் டிவி, பிரிட்ஜ் எல்லாம் போய்விடும். உடனே மெயினை இறக்குங்கள், பக்கத்து வீடுகளுக்கும் சத்தம் போட்டுச் சொல்லுங்கள், அப்புறம் புகார்.

புகாருக்கு மின்னகம் என்ற நுகர்வோர் சேவை மையத்தின் எண் 94987 94987. 2021 ஜூனில் தொடங்கினார்கள், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். போன் எடுப்பவர் சென்னையில் இருப்பார். அவருக்கு வண்ணார்பேட்டையும் தெரியாது, வள்ளியூரும் தெரியாது. அவர் கணினியில் பதிவுசெய்ததும் அது உங்கள் பிரிவு அலுவலகத்துக்குப் போகும். அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "இணைப்பு எண் 07-இல் தொடங்குவது, குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு அரை மணி நேரமாகக் கரண்டு இல்லை. தெருவிளக்கும் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிறது. இன்ன டிரான்ஸ்பார்மர், இன்ன எண் கம்பத்தில் தீப்பொறி பார்த்தோம்." இவ்வளவு சொன்னால் லைன்மேன் எந்த ஏணி, எந்தப் பீஸ் கம்பி எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று தெரிந்துகொண்டே கிளம்புவார். வெறுமனே "கரண்டு இல்லை" என்றால் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

புகார் எண் குறுஞ்செய்தியாக வரும். அழிக்காதீர்கள். வேலை முடியாமலே "புகார் தீர்க்கப்பட்டது" என்று செய்தி வருவது உண்டு. அப்போது புதிய புகார் கொடுக்காமல், பழைய எண்ணைச் சொல்லி "முடியவில்லை, மறுபடி திறங்கள்" என்று கேளுங்கள். ஒரே தெருவிலிருந்து முப்பது பேர் தனித்தனியாகப் புகார் கொடுப்பதைவிட ஒருவர் விவரமாகக் கொடுத்துவிட்டு, எண்ணைத் தெரு வாட்ஸாப் குழுவில் போடுவது மேல்.

லோ வோல்டேஜ் வேறு வகை. அது ஒரு நாளில் தீராது. எந்த நேரத்தில், எவ்வளவு வோல்ட் என்று மீட்டர் திரையிலேயே பார்த்து ஒரு வாரம் குறித்துக்கொண்டு, தெருக்காரர்கள் சேர்ந்து உதவிப் பொறியாளரிடம் மனுவாகக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மர் திறனைக் கூட்டவோ பளுவைப் பிரிக்கவோ மதிப்பீடு போட வேண்டும். அதற்கு எழுத்துக் காகிதம்தான் ஆதாரம்.

இடையில் ஒன்று. "கூடங்குளம் நம்ம பக்கத்துல, ராதாபுரம் பூரா காற்றாலை, பாபநாசத்துல 1944-லேயே கரண்டு எடுத்தாச்சு, நமக்கு ஏன் போகுது?" என்று டீக்கடையில் கேட்காதவர் இல்லை. கூடங்குளத்தின் ஆயிரம் ஆயிரம் மெகாவாட் உலைகளும் காற்றாலைகளும் உயர் அழுத்தத் தொகுப்பில் கொண்டுபோய் ஊற்றுகின்றன. அங்கே எவ்வளவு இருந்தாலும், நம் கம்பத்தில் ஒரு ஜம்பர் (கம்பியோடு கம்பியைச் சேர்க்கும் துண்டுக் கம்பி) அறுந்தால் நமக்கு இருட்டுதான். பற்றாக்குறை வேறு, பழுது வேறு. புகார் கொடுக்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எட்டாம் படி: காற்று, மழை, வெள்ளம்

ஆனி ஆடிக் காற்றில் தென்காசி, வள்ளியூர்ப் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் எல்லாப் பக்கமும் அறிவிப்பில்லாத மின்தடை வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரைபுரண்டு ஊருக்குள் வந்தபோது பல இடங்களில் கரண்டைத் தெரிந்தேதான் நிறுத்தினார்கள்.

அந்த மாதிரி நேரத்தில் "எப்போ விடுவீங்க" என்ற கேள்விக்குத் தண்ணீர் வடியும்வரை பதில் கிடைக்காது. நீங்கள் செய்ய வேண்டியவை வேறு. தண்ணீர் மீட்டர் பெட்டியை நெருங்குகிறது என்றால், தரை இன்னும் காய்ந்திருக்கும்போதே மெயினை இறக்கிவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள். கம்பி அறுந்து கிடந்தால் கரண்டு இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாமல், பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் தள்ளி நிறுத்தி, ஒரு ஆளைக் காவலுக்கு வைத்துவிட்டு மின்னகத்துக்குச் சொல்லுங்கள். ஆள் அடிபட்டிருந்தால் கரண்டு நிறுத்தியதை உறுதிசெய்யாமல் தொட வேண்டாம். 112-க்குப் போன் போடுங்கள். இணையம் போய்விட்டாலும் சாதாரணக் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும். அதனால் பிரிவு அலுவலக எண்ணைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள்.

கரண்டு திரும்ப வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். நனைந்த ஒயரிங்கை எலக்ட்ரீசியன் பார்க்காமல் மெயினைத் தூக்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: சொல்லியும் நடக்கவில்லை என்றால்

முதலில் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளர். அப்புறம் உதவி செயற்பொறியாளர், அதற்கு மேல் கோட்டத்தின் செயற்பொறியாளர். ஒவ்வொரு படியிலும் முந்தைய புகார் எண்ணும் தேதியும் இருக்கட்டும். மேற்பார்வைப் பொறியாளர் கோட்டம் வாரியாக நடத்தும் மின் நுகர்வோர் குறைதீர் கூட்டத்தின் தேதி நாளிதழில் வரும். பல நாள் இழுத்த விஷயம் அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் சத்தமில்லாமல் முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கேயும் நடக்காவிட்டால், 2003 மின்சாரச் சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. பில் தகராறு, மீட்டர் கோளாறு, இணைப்புத் தாமதம் எல்லாவற்றுக்கும் போகலாம். வக்கீல் தேவையில்லை, நீங்களே பேசலாம். இணைப்பு எண், பில் பிரதிகள், மீட்டர் போட்டோக்கள், புகார் எண்கள், முத்திரை போட்ட மனு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, முதல் பக்கத்தில் என்ன வேண்டும் என்பதை நாலு வரியில் எழுதுங்கள். தொகை கேட்டால் எவ்வளவு என்று எண்ணாகவே எழுதுங்கள். மன்றத்தின் உத்தரவில் திருப்தி இல்லையென்றால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், மன்றத்துக்குப் போகாமல் நேராக அவரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.